பெருநாள் விருந்தாளிகள்

சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பின் சேலத்தில் நடந்த ஒரு கலந்துரையாடலுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஊடகமும் நம் சமுதாயமும் என்பது பொருள். பேசிய ஐவருள் நால்வர் ஒரே முடிவுக்கு வந்தனர்: தமிழ்த் தொலைக்காட்சிகளில் நமக்கு இடமில்லை; ஆகவே நமக்கென்று தனியே ஒரு தொலைக்காட்சி வேண்டும். ஐந்தாமவர், தொலைக்காட்சிப் பெட்டியையே வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றார். இரு தரப்புக்கும் நல்ல கைதட்டல். நான் இரண்டுக்கும் கைதட்டவில்லை. அருகில் அமர்ந்திருந்த அன்பர், “என்ன பாய், உங்களுக்கு உடன்பாடில்லையா?” என்று கேட்டார். உணவுக்கு எழுந்த நெரிசலில் அவருக்கு விடை சொல்ல இயலவில்லை. ஏற்காட்டுக்கு வண்டியேறி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வீடு சேரும்வரை அந்தக் கேள்வியே மனத்தில் சுழன்றது. விடையை இங்கே எழுதுகிறேன்.

விடைக்கு நான் சேர்வராயன் மலையிலிருந்து சற்றுத் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. 1990 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக ஜப்பானின் கோபே துறைமுக நகரில், ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். தனக்காகப் பேசாத தொலைக்காட்சியின் முன் நாள்தோறும் உட்கார்ந்திருப்பவனின் நிலை என்ன என்பதை அங்கேதான் கற்றேன். நம் கூட்டத்தில் பேசியவர்கள் அந்த நிலையைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் நோயைச் சரியாகச் சொல்லி மருந்தைத் தவறாகச் சொன்னார்கள் என்பது என் எண்ணம்.

புரியாத பெட்டி

கோபேயில் ஒரு பள்ளிவாசல் உண்டு. இந்தியரும் தாத்தாரியரும் பிற நாட்டு முஸ்லிம் வணிகரும் சேர்ந்து பொருள் திரட்டி 1935-இல் எழுப்பியது. ஜப்பானின் முதற் பள்ளிவாசல் அதுவே. வெள்ளிக்கிழமைகளில் அங்கே நாலு மனிதர் முகம் பார்க்கலாம். மற்ற மாலைகளில் எனக்குத் தொலைக்காட்சிதான் துணை. வானிலைப் படம் புரியும். சூமோ மல்லர்கள் ஒருவரையொருவர் வட்டத்தைவிட்டுத் தள்ளுவது புரியும். சமையல் நிகழ்ச்சிகளில் ஒரு வாய் உண்டவுடன் கண்களை விரித்து “ஓய்ஷீ” என்பார்கள். சுவையாக இருக்கிறது என்று பொருள். முதன்முதலில் நான் கற்ற ஜப்பானியச் சொல் அது. அதற்கப்பால் எல்லாம் இருட்டு. பேசுகிறவர் சொல்வதையே திரையின் அடியில் வண்ண எழுத்தில் மீண்டும் எழுதிக் காட்டுவது அவர்கள் வழக்கம். அந்தச் சித்திர எழுத்துகளோ படிக்கத் தெரிந்தவனுக்கே துணை; தெரியாதவனுக்கு இரண்டாவது பூட்டு. அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று விழித்த இரவுகள் பல.

அந்நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே. 1953 பிப்ரவரி 1 முதல் ஒளிபரப்பி வருகிறது. விளம்பரத்தால் அன்றி, வீடுகள் செலுத்தும் கட்டணத்தால் நடப்பது. பெட்டி வைத்திருப்பவர் அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். அச்சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கட்டணம் வாங்க வந்தவர் என் கதவைத் தட்டியபோது, எனக்கு உங்கள் மொழி தெரியாது என்று சைகையால் சொன்னேன். அவர் பணிவாக வணங்கிவிட்டு, அதே பணிவோடு கட்டணச் சீட்டை நீட்டினார். கொடுக்கும்போது நான் குடியிருப்பவன், கேட்கும்போது அந்நியன். மாலை ஏழு மணிச் செய்திக்கு மட்டும் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆங்கிலக் குரல் கேட்கும். அந்த அரை மணி நேரம் எனக்கு இட்ட பிச்சை என்றே அப்போது எண்ணினேன்.

அந்நியர் திரையில் வராமலில்லை. வியப்புப் பொருளாக வந்தார்கள். குச்சியால் உண்ணத் தெரிந்த வெள்ளையர், ஜப்பானியப் பாட்டுப் பாடும் ஆப்பிரிக்கர் என்று காட்டிக் கைதட்டுவார்கள். விமான நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டவரை நிறுத்தி, ‘நீங்கள் எதற்காக ஜப்பானுக்கு வந்தீர்கள்?’ என்று கேட்கும் நிகழ்ச்சி ஒன்று 2013 முதல் பெரும் வரவேற்போடு நடந்து வருகிறது. அதில் தீமை ஒன்றுமில்லை, மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் இருபது ஆண்டு வரி கட்டி, அந்நாட்டிலேயே பிள்ளை பெற்று வளர்த்தவனைப் பார்த்தும் அதே கேள்வி எழுமானால், அந்த மரியாதை ஒரு வேலியாகிவிடுகிறது. விருந்தாளிக்கு வாசலில் மாலை உண்டு, அடுக்களையில் இடமில்லை.

இதைவிடக் கொடிய செய்தி ஒன்றைப் பின்னர் அறிந்தேன். ஜப்பானில் தொலைக்காட்சி தோன்றிய புதிதில், பெட்டி வாங்க வசதியில்லாத மக்களுக்காக வீதிகளிலும் நிலையச் சதுக்கங்களிலும் பெட்டிகளை நிறுத்தினார்கள். 1954 பிப்ரவரியில், ரிக்கிதோசான் என்னும் மல்லர் அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களோடு மோதுவதைக் காண அப்பெட்டிகளின் முன் பெருங்கூட்டம் திரண்டது. போரில் தோற்ற நாடு, தன் வீரன் வெள்ளையரை வீழ்த்துவதைக் கண்டு ஆரவாரித்தது. அந்த வீரர் கொரியாவில் பிறந்த கொரியர். 1963-இல் இறக்கும்வரை அந்த உண்மை ஜப்பானியப் பொதுமக்களிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. ஒரு நாட்டுத் தொலைக்காட்சியின் முதற் பெருவீரரே, தான் யார் என்பதை மறைத்துக்கொண்டுதான் திரையில் நிற்க முடிந்தது! அந்நியனைத் திரை நேசிக்கும், அவன் தன்னை மறைத்துக்கொள்வதாக இருந்தால். அல்லது வேடிக்கைப் பொருளாக நிற்பதாக இருந்தால். மூன்றாவது வழி ஒன்று அன்று இல்லை.

நிலம் நடுங்கிய காலை

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46 மணி. கோபேயின் நிலம் குலுங்கியது. 6,434 உயிர்களைக் கொண்ட நிலநடுக்கம் அது. இறைவன் அருளால் எங்கள் கட்டடம் நின்றது; பள்ளிவாசலும் நின்றது. நகரின் மேற்கே நகாத்தா பகுதி தீப்பற்றி எரிந்தது. மின்சாரம் திரும்பியதும் பெட்டியைப் போட்டேன். ஏதேதோ பட்டியல்களை வாசித்தார்கள். இறந்தவர் பெயர்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. ‘ஹினான்’ என்றார்கள், ‘யொஷின்’ என்றார்கள், ‘கியூசுய்’ என்றார்கள். ஒன்றும் விளங்கவில்லை. கியூசுய் என்பது குடிநீர் வழங்கல். எங்கள் தெருமுனைக்கே தண்ணீர் வண்டி வருவதைத்தான் அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நான் வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மூதாட்டி வந்து கதவைத் தட்டினார். கையில் இரண்டு வாளிகள். ஒன்றை என்னிடம் நீட்டி, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான்காண்டுகளாக எனக்கு வணக்கம் மட்டுமே சொல்லிவந்தவர் அவர்.

அந்தக் காலையில் புரிந்தது இது: செய்தி என்பது பொழுதுபோக்கன்று. ஒரு கூரையின்கீழ் வாழும் எல்லாருக்கும் போய்ச் சேராத செய்தி, சேராதவனுக்கு உயிராபத்து.

நான் கண்ட உண்மையை ஜப்பானியரும் கண்டார்கள். அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள் என்பதே அவர்கள் பெருமை. ஹிரோசாக்கிப் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் சாத்தோ கசுயுகியும் அவருடைய குழுவினரும், அந்நியர்க்கும் விளங்கும் எளிய ஜப்பானிய மொழி ஒன்றை வகுக்கத் தொடங்கினர். ‘ஹினான் செய்யவும்’ என்பதற்குப் பதிலாக ‘ஓடுங்கள்’. ‘யொஷின்’ என்பதற்குப் பதிலாக ‘பின்னால் வரும் நிலநடுக்கம்’. பத்து அந்நிய மொழிகளில் பெயர்த்துக்கொண்டிருக்க நெருக்கடி வேளையில் நேரமிராது. ஆகவே நம் மொழியையே நாம் எளிதாக்குவோம் என்பது அவர்கள் கொள்கை. அந்நியன் எங்கள் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு உறங்குவது எளிது. அவர்கள் அப்படி உறங்கவில்லை.

எரிந்த நகாத்தாவில் இன்னொன்று நடந்தது. காலணித் தொழிற்கூடங்களில் வேலை செய்த கொரியரும் வியட்நாமியரும் அங்கே பெருந்தொகையினர். அவ்வாண்டிலேயே கொரிய மொழியில் ஒரு சிறு வானொலியும் வியட்நாமிய மொழியில் ஒரு சிறு வானொலியும் தோன்றின. இரண்டும் இணைந்து ‘எஃப்.எம். வாய்வாய்’ என்ற பெயரில், நிலநடுக்கத்தின் முதலாண்டு நினைவு நாளான 1996 ஜனவரி 17 அன்று முறையான உரிமம் பெற்றன. அந்த நிலையத்துக்கு இடம் தந்தது, தானே தீயில் எரிந்துபோன தகாதோரிக் கத்தோலிக்கத் தேவாலயத்தின் வளாகம்.

பாய் விடமாட்டார், “பார்த்தீர்களா, அவர்களும் தனி நிலையம்தானே வைத்தார்கள்!” என்பார். வைத்தார்கள். ஆனால் அந்த நிலையம் கொரியருக்குக் கொரியர் பேசும் கூடாரமாக நின்றுவிடவில்லை. ஒரே கூரையின்கீழ் ஜப்பானிய மொழியும் உட்படப் பல மொழிகள் பேசின. பக்கத்துத் தெருக்காரன் பக்கத்துத் தெருக்காரனுக்குப் பேசினான். அதைக் காட்டிலும் பெரிய பயன், பொதுத் தொலைக்காட்சி மாறியதுதான். பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போன 2011 மார்ச் 11-க்குப் பிறகு, ஆழிப்பேரலை எச்சரிக்கையை அமைதியான குரலில் வாசிக்கும் வழக்கத்தை என்.எச்.கே. கைவிட்டது. 2024 ஜனவரி 1, புத்தாண்டு மாலை 4.10 மணிக்கு நோத்தோ தீபகற்பத்தில் நிலம் நடுங்கியபோது, அதன் பெண் அறிவிப்பாளர் உரத்த குரலில், இப்போதே ஓடுங்கள் என்று மீண்டும் மீண்டும் கூவினார். திரையில் சித்திர எழுத்து மட்டுமில்லை. குழந்தைகளும் அந்நியரும் முதலில் கற்கும் ஹிரகானா எழுத்தில், ‘அலை! ஓடுங்கள்!’ என்று பெரிதாக எழுதியிருந்தது. ஏற்காட்டு வீட்டில் கைப்பேசியில் அக்காட்சியைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெட்டி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது.

நம் வீட்டிலேயே அந்நியர்

தமிழர்களாகிய நாம் இதை அறியாதவர்கள் அல்லர். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதன் கதிர் எட்டாத ஊர்கள் காத்திருந்தன. 1982 ஆகஸ்ட் 15 முதல் தில்லியின் தேசிய நிகழ்ச்சி நாடெங்கும் வந்தது. 1984-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர்தோறும் சிறு ஒளிபரப்பிகள் எழுந்தன. துணைக்கோள் வழியாகத் தில்லி அனுப்பியதை அப்படியே இறக்கித் தந்தன. தமிழ்நாட்டு நகரங்கள் பல, பெட்டி வாங்கி, கம்பம் நட்டு, ஆவலோடு பொத்தானைத் திருகியபோது கிடைத்தது இந்தி. அத்தா அப்போது ஏற்காட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் கொள்முதல் செய்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் பெட்டியின் முன் தெருவே கூடும், படம் பார்க்கும், பேச்சு வந்ததும் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடும். நான் கோபேயில் பின்னர் அனுபவித்த அந்த இருட்டை என் தெரு முழுவதும் முன்பே அனுபவித்திருக்கிறது, தன் சொந்த வீட்டில் இருந்தபடியே.

மூடுபனி விலகிய இரவுகளில் உயரக் கம்பத்தைத் தென்கிழக்கே திருப்பினால், புள்ளிகள் நடுவே இலங்கையின் ரூபவாகினி தெரியும். 1982 பிப்ரவரி 15-இல் ஜப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்த நிலையம் அது. ஜப்பானியர் கட்டிக்கொடுத்த கோபுரத்திலிருந்து, கடல் தாண்டி, தமிழ்ச் செய்தி வந்தது. தெரு வாய்மூடிக் கேட்டது. எங்கிருந்து வந்தால் என்ன, நம்மைப் பார்த்துப் பேசுகிற குரலை மனிதன் அடையாளம் கண்டுகொள்கிறான்.

ஆனால் அதே ரூபவாகினி நமக்கு மறுபாடமும் வைத்திருக்கிறது. தமிழுக்கு அந்த நிலையத்தில் நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 1983 ஜூலையில் கொழும்புத் தமிழருக்கு நேர்ந்ததை உலகம் அறியும். ஒதுக்கிய நேரம் வேறு, ஒருவராக எண்ணப்படுவது வேறு. சிங்கள நிகழ்ச்சிகளின் வீதிகளிலும் கடைகளிலும் கல்யாணங்களிலும் தமிழன் அண்டைவீட்டானாக அன்றாடம் வந்துபோயிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் பசப்பமாட்டேன். ஆயினும், தனி நேரத்துக்குள் வைத்துப் பூட்டப்பட்டவனை அயலான் அறிய வாய்ப்பில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இப்போது நம் நிலையைப் பாருங்கள். தமிழ்த் தொலைக்காட்சியில் தமிழ் முஸ்லிம் எப்போது வருகிறான்? ரமலான் மாதத்து ஸஹர் வேளையில், ஊர் உறங்கும்போது, பெரும்பாலும் நாமே பணம் கட்டி வாங்கிய நேரத்தில் வருகிறான். பெருநாள் காலையில் திடலில் தொழுகையாக அரை நிமிடம் வருகிறான். பிறகு பிரியாணி அண்டாவோடு வருகிறான். ‘பாய் வீட்டுப் பிரியாணி’ என்று அறிவிப்பாளர் கண்களை விரிக்கிறார். எனக்கோ அந்த ‘ஓய்ஷீ’ காதில் கேட்கிறது. மறுநாள் முதல் நாம் இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் நெடுந்தொடர்களில் எத்தனையோ குடும்பங்கள் மாமியார் மருமகள் சண்டை போடுகின்றன, சொத்துக்கு அடித்துக்கொள்கின்றன, பிறகு கூடி அழுகின்றன. நம் குடும்பத்துக்கு ஒரு நல்ல சண்டை போடக்கூட அங்கே உரிமையில்லை! திரைப்படத்திலோ, வெடிகுண்டோடு வருகிறவனுக்கு நம் பெயர் வைக்கத் தயக்கமில்லை. கடன் வாங்கி மகளுக்கு நிக்காஹ் செய்கிற தகப்பனுக்கு நம் பெயர் வைக்க ஆளில்லை.

இவ்வளவும் உண்மை. கூட்டத்தில் பேசிய நால்வரும் இதைத்தான் சொன்னார்கள். இதற்கு மருந்து தனித் தொலைக்காட்சியா?

இரண்டு தவறான மருந்துகள்

தனித் தொலைக்காட்சி வைத்தால் யார் பார்ப்பார்? நாம் பார்ப்போம். நம்மை அறியாதவர் யாரோ, அவர் பார்க்கமாட்டார். அவர் வீட்டுப் பொத்தான் நம் எண்ணைத் தாண்டிப் போகும். அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருப்போம். நமக்குள்ளும் என்ன சொல்வோம்? ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு மறுப்பு. அதற்கு மறுநாள் மறுப்புக்கு மறுப்பு. ஷஅபான் முடிந்ததும் பிறை தெரிந்ததா இல்லையா என்ற வழக்கு. இருபத்துநான்கு மணி நேரமும் பிறைச் சண்டைக்கு மேடை போட்டுக் கொடுக்கவா ஏழை ஜமாஅத்துகளிடம் பணம் திரட்டுவது? நம்மை வேலிக்கு வெளியே நிறுத்துகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டே அந்த வேலியை நம் செலவில் உயர்த்துவது அறிவுடைமை ஆகாது.

பெட்டியை வெளியேற்றச் சொன்ன பெரியவரின் கவலையை நான் இகழமாட்டேன். வீட்டில் பருவப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கக் கூசுகிற தகப்பன் நானும்தான். ஆனால் பெட்டி கூடத்தைவிட்டு வெளியேறி வெகுநாள் ஆயிற்று. அது பிள்ளையின் உள்ளங்கையில் இருக்கிறது. கூடத்தில் இருந்தபோதாவது குடும்பம் கூடிப் பார்த்தது, நல்லது கெட்டது பேசியது. மேலும், நாம் பாராமல் விட்டுவிட்டால் திரையில் நம்மைப் பற்றிச் சொல்லப்படுவது நின்றுவிடுமா? நமக்குத் தெரியாமல் சொல்லப்படும், அவ்வளவே.

2013-இல் ‘விஸ்வரூபம்’ படத்தை நம்மவர் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டில் படம் தடைபட்டது. சில காட்சிகளில் மாற்றம் செய்தபின் பிப்ரவரி 7-இல் வெளியானது. அந்த எதிர்ப்பு சரியா தவறா என்பதை இங்கே எடுக்கவில்லை. இரண்டே வாரத்தில் அத்தனை அமைப்புகளும் ஒன்றுகூட முடிந்தது அல்லவா? அதே ஒற்றுமையோடு, ஒரு நல்ல கதையாசிரியனை உருவாக்க நாம் என்றாவது கூடியிருக்கிறோமா? மகன் பொறியியல் படித்தால் ஜமாஅத் உதவித்தொகை தருகிறது. திரைக்கதை படிக்கப் போகிறேன் என்றால் வீடே துக்கம் கொண்டாடுகிறது. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியபோது அதை முஸ்லிம்களுக்கான தனித் தமிழில் பாடவில்லை. தமிழ்க் காப்பிய மரபின் நடுவீதியில் நின்று, தமிழ் கற்றோர் யாவரும் படிக்கும்படி பாடினார். 1973-இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூட்டிய பெரியோர்களும் அந்த வீதியில்தான் நின்றார்கள். எந்த இறைத்தூதரும் தம் மக்களின் மொழியோடுதான் அனுப்பப்பட்டார் என்பது திருமறையின் பதினான்காம் அத்தியாயம் நமக்கு உணர்த்தும் கருத்து. கேட்பவனுக்கு விளங்கச் சொல்வது இறைவன் வகுத்த முறை என்றால், அயலாருக்கு விளங்காத இடத்தில் போய்ப் பேசுவோம் என்பது எந்த முறை?

நம் மலையில் ஒரு டிசம்பர்

இதுவரை பிறரைக் குறை சொன்னேன். இனி நம்மைச் சொல்ல வேண்டும்; இல்லையேல் இந்தக் கட்டுரைக்கு நேர்மையில்லை.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயல், அடுத்த இரு நாளில் எங்கள் மலையில் பெருமழையாகக் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்தது, மரங்கள் விழுந்தன, மின்சாரம் போயிற்று. எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத்தில் வடமாநிலத்திலிருந்து வந்து காப்பிப் பழம் பறிக்கும் தொழிலாளர் சிலர் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தனர். அன்று மாலை அவர்களுள் ஓர் இளைஞன் நனைந்தபடி என் திண்ணையில் வந்து நின்றான். கையில் கைப்பேசி, அதில் தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தாழ்வான பகுதிகளிலும் நிலச்சரிவு அபாயமுள்ள சரிவுகளிலும் வசிப்போர் முன்னெச்சரிக்கை நடவடிக்கையாகப் பாதுகாப்பான இடங்களுக்கு இடம்பெயருமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள் என்று அறிவிப்பாளர் நீட்டி முழக்கினார். என்ன சொல்கிறார் என்று அவன் சைகையால் கேட்டான். எனக்கு இந்தி அரைகுறை. கொட்டகையைக் காட்டி, மேலே மண்ணைக் காட்டி, கையைக் கீழே சரித்து, “வா, வா, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா” என்றேன். இரவு எங்கள் கூடத்தில் ஒன்பது பேர் படுத்தார்கள். கொட்டகை விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். விழுந்திருந்தால், செய்தியைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் மடிந்திருப்பார்கள்.

அந்த இளைஞன் ஓராண்டுக்கு மேலாக என் வாசல் வழியே நடந்துபோகிறவன். அவன் பெயரை அன்றிரவுதான் கேட்டேன். கோபேயில் நான்காண்டு வணக்கம் மட்டும் சொன்ன மூதாட்டியை நினைத்து வெட்கினேன். அவர் நிலம் நடுங்கியவுடன் தாமாக வந்தார். நான் அவன் வரும்வரை திண்ணையில் இருந்தேன்.

அவன் அயலூரான், இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் அயலூரார் அல்லர், தமிழ் பேசுகிறவர்கள்தாம். அவர்கள் நிலையும் அதுவே. கோடை விழா நடக்கும்போது தொலைக்காட்சிகள் மேலேறி வருகின்றன. ஏழைகளின் ஊட்டி என்ற பழைய தொடரைச் சொல்லி, ஏரியையும் படகையும் மலர்க் கண்காட்சியையும் காட்டிவிட்டு இறங்கிவிடுகின்றன. சேர்வராயன் கோயில் திருவிழாவில் மலையாளி மக்கள் ஒரு நொடி வண்ணக் காட்சியாக வந்துபோவார்கள், பெருநாள் திடலில் நாம் வருவது போலவே. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று எந்தத் திரையும் கேட்பதில்லை. நாமும் கேட்டதில்லை. ஜகாத் பெறுவோர் எட்டு வகையினரில் வழிப்போக்கனையும் ஒருவனாக வைத்த மார்க்கம் நம்முடையது. அந்த மார்க்கத்தார் அடுத்த கொட்டகையில் இருப்பவனை எண்ணாமல், எங்களை யாரும் எண்ணவில்லை என்று மேடைபோட்டு முழங்கினால் கேட்பவர் சிரிக்கமாட்டார்களா?

என் விடை

ஆகவே பாய், எனக்கு உடன்பாடில்லை. நாம் கேட்க வேண்டியது தனித் திரை அன்று. பொதுத் திரையில் அன்றாட இடம். அந்தத் தொடரில் வரும் தெருவில் ஒரு கடை நம்முடையதாக இருக்கட்டும். அந்தக் கடைக்காரர் நல்லவராகவும் இருக்கட்டும், கொஞ்சம் கஞ்சராகவும் இருக்கட்டும். ரிக்கிதோசானைப் போல் பெயரை மறைத்துக்கொண்டு வீரராகவும் வேண்டாம். பிரியாணி அண்டாவோடு விருந்தாளியாகவும் வேண்டாம். மூன்றாவது வழி உண்டு என்பதை, எரிந்த நகாத்தாவிலிருந்து அந்தத் தொழிலாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அதற்கு நாம் செய்ய வேண்டியவை பெரியனவும் அல்ல. ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்காவது எழுத்தும் ஒளிப்பதிவும் செய்தி வாசிப்பும் கற்க உதவித்தொகை தரட்டும், பெண்பிள்ளைக்கும் தரட்டும். ஸஹர் நேரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு, அந்தி நேரத்தில் எல்லாரும் பார்க்கும் ஒரு நல்ல நாடகத்துக்குப் போகட்டும். திரையில் நம்மை இழிவாகக் காட்டினால் கண்டனம் எழுதுகிற நாம், நேர்மையாகக் காட்டியவருக்கு நாலு வரி நன்றிக் கடிதமும் எழுதுவோம். தமிழ்த் தொலைக்காட்சிகளிடம், பேரிடர் எச்சரிக்கையைக் கடற்கரை மீனவனுக்கும் மலைத்தோட்டத்து வடநாட்டுக் கூலிக்கும் விளங்கும் சிறு சொற்களில் சொல்லும்படி கேட்போம். இதை நமக்காக மட்டும் கேட்காமல் எல்லாருக்குமாகக் கேட்கும்போது நம் குரலுக்கு வலிமை கூடும். அடுத்த மழைக்கு முன், நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தமிழிலும் இந்தியிலும் நாலு எளிய சொற்களில் எச்சரிக்கை சொல்ல ஓர் ஏற்பாடு செய்வோம். அதற்கு ஒளிபரப்பு உரிமம் எதுவும் வேண்டியதில்லை.

அந்தத் தோட்டத்து இளைஞன் சென்ற மாதம் வந்திருந்தான். இப்போது தமிழ் கொஞ்சம் பேசுகிறான். கூடத்தில் என் பேரனோடு உட்கார்ந்து ஏதோ ஒரு தொடரைப் பார்த்தான். பேரன் சிரித்தபோது அவனும் சிரித்தான். “புரிகிறதா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான். பேரனை அழைத்து, அவனுக்குச் சொல்லிக்கொடு என்றேன்.